இரண்டு தட்டு முன்பே: ஆட்டம் சொல்பவருக்குப் பழைய சொல்லை மாற்றும் வழி

மதுரையில் வளர்ந்தவன் நான். பதினோரு வருடமாக மாசசூசெட்ஸ் வாசம். சனிக்கிழமை இரவுகளில் கான்ட்ரா என்ற நாட்டுப்புற நடனத்துக்கு ஆட்டம் சொல்கிறேன். ஜோடிகள் இரண்டு நீண்ட வரிசைகளில் எதிரெதிரே நிற்பார்கள். பிடில் இசை ஒரு சுற்றுக்கு 64 தட்டு ஓடும். அடுத்த அசைவு எது என்று மைக்கில் சொல்வதுதான் என் வேலை. நட்டுவனார் ஜதியை ஆடும்போதே சொல்வார். இங்கே கால் எழுவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட வேண்டும். இன்றைக்குப் பொருந்தாத ஒரு பழைய சொல்லை மாற்றுவதில் உள்ள சிரமம் அந்த இரண்டு, மூன்று தட்டுக்குள்தான் இருக்கிறது.

முதலில் விடவேண்டியது 'ஜிப்ஸி'. இருவர் கண்ணோடு கண் பார்த்தபடி, கைபடாமல், ஒருவரையொருவர் சுற்றிவரும் எட்டுத் தட்டு அசைவுக்கு அந்தப் பெயர் நெடுநாளாக இருந்தது. ஐரோப்பாவில் பரவி வாழும் ரோமா மக்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் தவறாக எண்ணிச் சூட்டிய பெயர் அது. அவர்களுடைய முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்டது இந்தியாவிலிருந்து. இன்றும் அவர்கள் மொழியில் தண்ணீர் 'பானி'தான். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் குறுக்கம் 'ஏமாற்று' என்ற பொருளிலும் புழங்குகிறது. பிரிட்டனில் தங்களை அந்தப் பெயராலேயே சொல்லிக்கொள்பவர்களும் உண்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்திலும் அது இருக்கிறது. அது அவர்கள் பாடு. மயக்கும் பார்வைக்கு ஓர் இனத்தின் பெயரைப் போட்டு நான் மேடையிலிருந்து கூவுவது வேறு சங்கதி. குறவன் குறத்தி ஆட்டத்தின் வழக்கு 2023ல் எங்கள் ஊர் உயர்நீதிமன்றக் கிளைவரை போனதை அறிந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இப்போது பலரும் சொல்வது 'ரைட் ஷோல்டர் ரவுண்ட்'. வலது தோளை ஒட்டிச் சுற்று என்று காலுக்கே வழி சொல்லிவிடுகிறது; பழைய சொல் புதிதாக வந்தவருக்கு ஒன்றும் சொல்லாது. ஆனால் பழையது இரண்டு அசை, இது நான்கு. முந்தைய அசைவின் ஏழாம் தட்டில் பழைய சொல்லைப் போட்டால் போதும். புதியதை ஐந்தில் தொடங்குங்கள்: ஐந்தில் 'ரைட்', ஆறில் 'ஷோல்டர்', ஏழில் 'ரவுண்ட்'. எட்டை ஆடுபவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஒரு வாரம் பாத்திரம் கழுவும்போது பாட்டைப் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வது பயிற்சியாகாது. பழகியது மூளையல்ல, நாக்கு.

அட்டைகளை மறக்காதீர்கள். ஒவ்வோர் ஆட்டத்தையும் ஓர் அட்டையில் எழுதி வைத்திருப்போம். நான் சோம்பலில் பழைய சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே புதியதைப் பொடியாக எழுதி வைத்தேன். மங்கலான மேடை வெளிச்சத்தில் கண் நேரே போய் விழுந்தது அடித்த சொல்லில். "ஜிப்" என்று பாதி வந்துவிட்டது. மீதியை விழுங்கிச் சரியான சொல்லைத் தேடுவதற்குள் நான்கு தட்டு போயிற்று. பாதிப் பேர் சுற்ற, மீதிப் பேர் நின்று என்னைப் பார்க்க, ஒரு வரிசை மற்றொன்றில் மோதியது. மறுநாள் அறுபது சொச்சம் அட்டைகளையும் புதிதாக எழுதினேன். நீங்கள் அதை முன்பே செய்துவிடுங்கள்.

ஆண், பெண் பெயர்களை மாற்றுவது இதைவிட எளிது. யாரும் எந்தப் பக்கமும் நின்று ஆடலாம் என்றான பிறகு, 'ஜென்ட்ஸ்', 'லேடீஸ்' என்ற இடத்தில் 'லார்க்ஸ்', 'ராபின்ஸ்' வந்தன. இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் நிற்பவர் ராபின். ஆங்கிலத்தில் இடதுக்கும் வலதுக்கும் உரிய முதலெழுத்தே பறவைக்கும். அசைக் கணக்கும் பழையபடியே, ஒன்றும் இரண்டும். என் தொல்லை தனி: லார்க் என்றதும் மனம் வானம்பாடி என்கிறது, 'வ' என்றதும் கை வலது பக்கம் போகிறது. தமிழில் யோசிப்பவர்கள் இதை மொழிபெயர்க்காமல் இருப்பது நல்லது.

சதுர நடனத்தில் இன்னொன்று உண்டு. ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொல்லும் 'சிங்கிள் பைல்' என்பதோடு 'இண்டியன் ஸ்டைல்' என்று எதுகைக்காகச் சேர்ப்பார்கள். முதல்முறை கேட்டபோது என்னைத்தான் சொல்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். சொன்னது அமெரிக்கப் பழங்குடி மக்களை. 'சிங்கிள் பைல்' என்பதோடு நிறுத்துங்கள். எதுகை போகும், ஆட்டம் போகாது.

மைக்கில் உபதேசம் வேண்டாம். ஒத்திகை நடையிலேயே புதிய சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இசைக்காரர்களைப் பார்த்துத் தலையாட்டுங்கள். இடைவேளையில் யாராவது மூத்தவர் "நாற்பது வருடமாக அப்படித்தானே சொன்னோம்" என்று வருவார். தேநீரை வைத்துக்கொண்டு நின்று கேளுங்கள். அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். சொல்லை மட்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

தலைப்பிலேயே பழைய பெயர் உள்ள ஆட்டங்கள் சில உண்டு. அமைத்தவர் உயிரோடு இருந்தால் வேறு பெயர் வைக்கலாமா என்று எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை தலைப்பை அறிவிக்காமலே ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். ஜோடி தேடும் அவசரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.