சிம்பையில் குறியீட்டு மாறிகளை அறிவிக்கும் முறை

பைத்தான் நிரல்மொழியும், அதில் குறியீட்டுக் கணிதம் செய்ய உதவும் நூலகமான சிம்பையும் கணினியில் நிறுவப்பட்டுள்ளன என்று கொண்டே தொடங்குகிறேன். எழுதிப் பழக, நிரலைத் துண்டு துண்டாக இயக்கி விடையை உடனுக்குடன் காட்டும் ஜூபிட்டர் நோட்புக்கையே பரிந்துரைப்பேன். விடைகள் பாடநூலில் உள்ள கணித வடிவிலேயே திரையில் தெரியும்.

மாக்சிமா என்னும் மற்றொரு கணித மென்பொருளில் எந்த எழுத்தையும் அறிவிக்காமலேயே பயன்படுத்தலாம். சிம்பையில் அது நடவாது. எக்ஸ், ஒய் என்னும் பெயர்களை இடைவெளி விட்டு மேற்கோள் குறிக்குள் எழுதி 'சிம்பல்ஸ்' செயற்கூறுக்குக் கொடுத்து, அது திருப்பித் தருபவற்றைச் சமக்குறியின் இடப்பக்கத்தில் அதே பெயர்களில் ஏற்க வேண்டும். இடப்பக்கப் பெயர் பைத்தானுக்கு உரியது. மேற்கோளுக்குள் இருப்பது சிம்பையின் குறியீடு. ஆகவே, கோவையை எழுதிய பிறகு எக்ஸ் = 5 என்று கொடுத்தால் கோவை மாறாது; மதிப்பைப் பிரதியிடுவதற்கு 'சப்ஸ்' இருக்கிறது.

அடுத்தது மாறியின் பண்பு. எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் கேட்டால், எக்ஸ் கலப்பெண்ணாகவும் இருக்கலாம் என்பதால் சிம்பை அதைச் சுருக்காமல் அப்படியே விட்டுவிடும். அறிவிக்கும்போதே 'ரியல்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் எக்ஸின் மட்டு மதிப்பு கிடைக்கும். 'பாசிட்டிவ்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் எக்ஸ் என்றே கிடைக்கும். ஆனால் அதே எக்ஸைக் கொண்டு, அதன் வர்க்கம் 4 என்னும் சமன்பாட்டைத் தீர்த்தால் 2 மட்டுமே விடையாக வரும், -2 வராது.

மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதற்குப் பின்னால் இருக்கிறது. மேலே ஒரு செல்லில் (நோட்புக்கில் நிரல் எழுதும் கட்டம்) எக்ஸைப் பண்பு எதுவுமின்றி அறிவித்துக் கோவையை எழுதிவிட்டு, கீழே அதே எக்ஸை 'பாசிட்டிவ்' என்று மறுபடி அறிவித்தால், திரையில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு வெவ்வேறு குறியீடுகள் உருவாகிவிடும். பழைய கோவையைப் புதிய எக்ஸால் வகையிட்டால் 0 வரும், 'சப்ஸ்' எதையும் மாற்றாது, பிழைச்செய்தியும் வராது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள், சுழியாகச் சுருங்காமல் அப்படியே நிற்கும். எனவே எல்லா மாறிகளையும் முதல் செல்லிலேயே பண்புகளோடு அறிவியுங்கள். ஒன்றை மாற்றினாலும் பின்னணியில் நிரலை இயக்கும் பகுதியான கெர்னலை மறுதொடக்கம் செய்து, முழு நோட்புக்கையும் மேலிருந்து இயக்குங்கள்.

நட்சத்திரக் குறியிட்டுச் சிம்பை முழுவதையும் இறக்குமதி செய்வதை நான் ஏற்பதில்லை. அப்படிச் செய்தால் பெரிய எழுத்து 'ஐ' கற்பனை அலகாகவும், பெரிய எழுத்து 'ஈ' இயற்கை மடக்கையின் அடிமானமாகவும் வந்து சேரும். மின்னோட்டத்துக்கு அதே 'ஐ'யை அறிவிக்கும் இயற்பியல் மாணவருக்கு, விடையில் நிற்பது மின்னோட்டமா கற்பனை அலகா என்பது பார்வைக்குப் புலப்படாது.

பின்சேர்க்கை: லாம்டா என்னும் கிரேக்க எழுத்தின் ஆங்கிலப் பெயர் (lambda) பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொல் என்பதால் இடப்பக்கத்தில் எழுதியதும் பிழை வரும். அங்கே மட்டும் 'பி' எழுத்தை நீக்கி எழுதி, மேற்கோளுக்குள் முழுச்சொல்லையும் கொடுத்தால், நோட்புக்கில் கிரேக்க எழுத்தாகவே தெரியும்.