சளி மருந்து கேட்பதற்கு முன் பிள்ளையின் மூச்சை எண்ணுங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்த ஊர் மருந்துக்கடையிலும் இதே பேச்சுதான்: "அண்ணே, பிள்ளைக்குச் சளி, போன தடவை குடுத்த அந்தப் பவுடர் மருந்தவே குடுங்க." தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள். மூக்கொழுகல், இருமல், லேசான காய்ச்சல் எல்லாம் பெரும்பாலும் வைரஸால் வருவது, நீங்கள் கேட்கும் அந்தப் பவுடர் மருந்து பெரும்பாலும் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக், அது வைரஸை ஒன்றும் செய்யாது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். சளி பச்சையாக வருகிறதே என்பீர்கள். நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மூச்சைப் பாருங்கள். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் டைமர் வைத்து, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்; அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சு சீராக வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாமல் போனால், வலிப்பு வந்தால், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2 மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே உடனே போக வேண்டியதுதான்.

இதெல்லாம் இல்லையா, சரி, தாய்ப்பால், வெதுவெதுப்பான கஞ்சி, மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குக் கொஞ்சம் தேன் தரலாம், அதற்கு முன் தேன் கூடவே கூடாது. சளி பத்து நாள் வரை இருக்கும், இருமல் மூன்று வாரம்கூட இழுக்கும்.

டாக்டரிடம் "ஊசி போடுங்க, பவர் மருந்தா எழுதுங்க" என்று கேட்காமல் "இதுக்கு ஆன்டிபயாடிக் வேணுமா சார்?" என்று கேளுங்கள். எழுதினால் எடை பார்த்துத்தான் அளவு, அதனால் அக்கா பிள்ளைக்குக் கொடுத்த அளவு உங்கள் பிள்ளைக்கு ஆகாது. பவுடர் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, பவுடர் அடங்கியதும் மறுபடி கோடு வரை நிரப்புங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கி, கூட வரும் மூடியால் அளந்து கொடுங்கள், வீட்டு ஸ்பூன் வேண்டாம். சொன்ன நாள் வரை கொடுங்கள். மிச்சத்தை அடுத்த சளிக்கென்று எடுத்து வைக்காதீர்கள், கலக்கிய மருந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.