வடசென்னைக்குக் குடிவருபவர்களுக்கு: நான்ஸ்டிக் தவாவும் பறவைக் கூண்டும்

துபாய், சிங்கப்பூர் என்று பல வருடம் இருந்துவிட்டு பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு எடுக்கிறீர்களா? இங்கே பறவை வளர்ப்பது சகஜம். மொட்டைமாடியில் பந்தயப் புறா, வீட்டுக்குள் லவ் பேர்ட்ஸ். உங்கள் பிள்ளைகளும் சீக்கிரமே ஒரு ஜோடி கேட்பார்கள். தாராளமாக வாங்கிக் கொடுங்கள். பச்சைக்கிளி மட்டும் வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கூண்டை மாட்டுவதற்கு முன், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நான்ஸ்டிக் பாத்திரங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றின் பூச்சு பெரும்பாலும் டெஃப்லான் வகை. சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது சிதையத் தொடங்கும். சூடு ஏற ஏற நச்சுவாயு அதிகமாகும். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய் நின்றால் போதும், சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். புகை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அந்த வாயு நமக்குக் காய்ச்சல், குளிர், இருமல் கொடுக்கும். பறவையைக் கொன்றுவிடும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அதன் நுரையீரலில் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் நச்சும் அவ்வளவு வேகமாக ஏறுகிறது. நுரையீரலுக்குள் ரத்தம் கசியும். இதற்கு முறிவு மருந்து கிடையாது.

இங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் சமையலறையும் ஹாலும் ஒட்டியே இருக்கும். ஜன்னலைத் திறந்தால் போதும் என்று நம்பாதீர்கள். பறவை வேண்டும் என்றால் நான்ஸ்டிக்கை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இதில் நடுவழி பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘பிஎஃப்ஓஏ (முன்பு டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட ஒரு ரசாயனம்) இல்லாதது’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பூச்சு டெஃப்லான்தான் என்றால் ஆபத்து மாறாது. ஏர் ஃப்ரையர், சாண்ட்விச் மேக்கர், சில இஸ்திரிப் பெட்டிகளிலும் இதே பூச்சு உண்டு.

பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ கம்பியிலிருந்து விழுந்தாலோ உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள். அப்படியே ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

தோசைக்கு இரும்புக்கல், மற்றதற்கு எவர்சில்வர் போதும். புதுக் கல்லை எண்ணெய் தடவிப் பழக்கும்போது வரும் புகையும் பறவைக்கு ஆகாது. அன்று கூண்டை மாடியில் நிழலான இடத்தில் வையுங்கள், பூனை வராமல் ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.