சிங்கப்பூர் முதல் நியூயார்க் வரை: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடும் முறை

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தின் மீது அளவுகோலை வைத்து இரு விமான நிலையங்களுக்கு இடையேயான தொலைவை அளந்தால் விடை தவறிவிடும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பு இழுபட்டுப் பெரிதாகிவிடுகிறது. ஆகவே ஒரு பூகோள உருண்டை, நூல், அளவுகோல் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடைநில்லாப் பயணங்களில் மிக நீண்டவற்றுள் ஒன்றான சிங்கப்பூர் சாங்கி – நியூயார்க் ஜான் எஃப். கென்னடி தடத்தையே கணக்கிடுவோம்.

முதலில் தொலைவு. நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரின் மீது விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை தொய்வின்றி இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் கடலின் குறுக்கே போகாது. சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக மேலேறி, வடதுருவத்தில் உருண்டையைத் தாங்கும் அச்சாணியில் இடிக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் நூலைத் தவறாகப் பிடித்துவிட்டோமோ என்று ஐயுறுவார்கள். ஆனால் அதுதான் மிகக் குறுகிய வழி, அதாவது பெருவட்டப் பாதை. நூலை அச்சாணியின் ஓரமாக ஒதுக்கி அளவெடுங்கள். உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு சுமார் 94 செ.மீ.; பூமியின் சுற்றளவான 40,000 கி.மீ.யை அதனால் வகுத்தால், 1 செ.மீ.க்கு ஏறத்தாழ 425 கி.மீ. வரும். நூல் 36 செ.மீ. இருக்கும், பெருக்கினால் 15,300 கி.மீ. அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு கணக்கிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 15,340 கி.மீ.; ஒரு நூல் இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

அடுத்து நேரம். பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் செல்வதால் 17 மணி நேரம் வருகிறது. ஆனால் கால அட்டவணையில் பதினெட்டரை மணிக்கும் மேல் இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு; ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் அடங்கும். அதைவிட முக்கியமானது, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம். அது பின்னிருந்து தள்ள வேண்டும் என்பதற்காகவே, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானம் துருவப் பாதையை விட்டுப் பசிபிக் வழியாகச் சுற்றிப் போவதுண்டு. எனவே இத்தகைய நெடுந்தொலைவுக்கு, கிடைத்த விடையோடு பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 18 மணி 40 நிமிடம்.

கடைசியாகக் கடிகாரம்; பலரும் தடுமாறுவது இங்கேதான். பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதால், அவற்றை அப்படியே கழிக்காமல் முதலில் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றுங்கள். சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னே. நியூயார்க் கோடையில் 4 மணி, குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின்னே. திங்கள் இரவு 11.30க்குச் சிங்கப்பூரில் புறப்பட்டால் கிரீன்விச்சில் பிற்பகல் 3.30, அதனுடன் 18.40ஐக் கூட்டினால் செவ்வாய் காலை 10.10, அதிலிருந்து 4ஐக் கழித்தால் நியூயார்க்கில் கோடைகாலச் செவ்வாய் காலை 6.10. திரும்பும்போது இதே முறையில் கணக்கிட்டால், திங்கள் இரவு நியூயார்க்கில் ஏறியவர் சிங்கப்பூரில் இறங்குவது புதன் அதிகாலை. அழைத்துப்போக வருபவரிடம் மணியோடு கிழமையையும் தேதியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.