புள்ளியை இடது கைக்கு மாற்றுவது எப்படி

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் திரும்பும் ஏ35 வீதியில், தட்டச்சும் போட்டோப் பிரதியும் செய்துகொடுக்கும் சிறிய கடை எனக்கு. பிரதேச செயலகத்துக்குக் காணிக் கடிதம், பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தக் கேட்கும் விண்ணப்பம், இடையிடையே ஒரு கல்யாண அழைப்பிதழ் என்று காலையிலிருந்து மாலை வரை தமிழ்தான் அடிக்கிறேன். அடிப்பது பாமினி எழுத்துருவில். என் வலது கைச் சுண்டுவிரல் 2009இலிருந்து மடங்குவதில்லை. அது எப்படி என்பது இங்கே வேண்டாத கதை. அந்த விரலுக்கு விசைப்பலகையில் என்ன வேலை என்பதுதான் வேண்டிய கதை.

பாமினியில் ‘தமிழ்’ என்று அடிக்க ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, கடைசியாக அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிறது. அது இருப்பது வலது சுண்டுவிரலுக்கு நேர் கீழே. ‘கிளிநொச்சி மாவட்டம்’ என்ற இரண்டு சொல்லுக்கே மூன்று முறை அதைத் தட்ட வேண்டும். மோதிர விரலை நீட்டி நீட்டித் தட்டி, மாலையில் மணிக்கட்டு வீங்கிப்போய் வீட்டுக்குப் போன நாட்கள் பல. தமிழ் 99 என்ற இன்னொரு விசை அமைப்பில் புள்ளி எஃப் விசையில், இடது சுட்டுவிரலின் கீழேயே இருக்கிறது. அதற்கு மாறினால் என்ன என்று கேட்பீர்கள். இருபது வருடம் பாமினியில் ஓடிய விரல்களுக்குப் புதிதாக அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரேயொரு விசையை இடம் மாற்றினால் போதும் என்றுதான் முடிவெடுத்தேன்.

இடது கைச் சுண்டுவிரலின் பக்கத்தில் கப்ஸ் லொக் என்று ஒரு விசை சும்மா கிடக்கிறது. சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, தொல்லையும் தருகிறது. தெரியாமல் கை பட்டுவிட்டால் பாமினியில் க எல்லாம் கு ஆகும், ம எல்லாம் மு ஆகும். ‘மகன்’ என்று அடித்தால் ‘முகுனு’ என்று விழுந்து, அதன் தலையில் ஒரு புள்ளியும் குந்திக்கொள்ளும். ஒருநாள் ஓர் அம்மா எதிரே இருந்து, “பிள்ளை, மகனின் பெயரை வடிவாகப் போடு” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையில் இப்படி நான்கு வரி ஓடிவிட்டது. அவருக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கே கப்ஸ் லொக்கின் பதவியைப் பறித்தேன்.

விண்டோஸ் கணினி என்றால் மைக்ரோசொப்ட் நிறுவனமே இலவசமாகத் தரும் பவர்டோய்ஸ் என்ற மென்பொருள் போதும். மைக்ரோசொப்ட் ஸ்டோரில் கிடைக்கும். சில நூறு எம்பி வரும், ஆகவே கைபேசி டேட்டாவில் இறக்குகிறவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். நிறுவியதும் அதற்குள்ளே கீபோர்ட் மனேஜர் என்ற பகுதியைத் திறந்து, மேலே உள்ள ஆளியைப் போடுங்கள்.

அடுத்த அடி வைப்பதற்கு முன்னால் ஒன்று: கப்ஸ் லொக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே விசையை மாற்றிவிட்டேன். பிறகு அதை அணைக்க விசையே இல்லை, அடித்ததெல்லாம் முகுனு. உங்களுக்கும் அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். ஆளியை நிறுத்தி, கப்ஸ் லொக்கை ஒருமுறை அழுத்தி விளக்கை அணைத்து, மறுபடி ஆளியைப் போட்டால் சரி.

இனி ‘ரீமப் எ கீ’ என்ற பொத்தான். அதற்குள்ளே புதிய வரி ஒன்றைச் சேர்த்தால் இரண்டு கட்டங்கள் வரும். இடது கட்டம் நீங்கள் விரலால் தட்டப்போகும் விசை. வலது கட்டம் அதைத் தட்டும்போது கணினி என்னவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. முதல் தடவை இதை நான் தலைகீழாகப் போட்டுவிட்டேன். அரைப்புள்ளி விசையைத் தட்டினால் கப்ஸ் லொக் எரிந்தது. இடதில் கப்ஸ் லொக், வலதில் அரைப்புள்ளி. பட்டியலிலிருந்து எடுக்கலாம், விசையைத் தட்டியும் காட்டலாம். சேமிக்கும்போது, ‘இனிக் கப்ஸ் லொக்குக்கு விசையே இருக்காது’ என்று ஓர் எச்சரிக்கை வரும். அதுதானே நமக்கு வேண்டியது, தொடரச் சொல்லுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஷிப்ட் இருக்கிறது. பழைய அரைப்புள்ளி விசையும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

இந்த மாற்றம் எழுத்துருவைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு விசையும் கணினிக்கு ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது; அதை வழியிலேயே மறித்து வேறு விசையாக மாற்றிவிடுவதுதான் இங்கே நடக்கிறது. அதனால் வேர்டிலும் உலாவியிலும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

பக்ஸ்பேஸும் வலது சுண்டுவிரலுக்கு எட்டாத மூலையில் இருந்தது. இடைவெளிப் பட்டைக்கு வலப்பக்கத்து ஓல்ட் விசையைப் பக்ஸ்பேஸ் ஆக்கினேன், இப்போது பிழையைக் கட்டைவிரல் அழிக்கிறது. அம்புக்குறிகளை ஒட்டியிருந்த பேஜ் அப், பேஜ் டவுன் இரண்டையும் ‘டிசேபிள்’ என்று கொடுத்து வாயை அடைத்தேன். எஃப்என் விசையில் மட்டும் கை வைக்க முடியவில்லை. அது விசைப்பலகைக்குள்ளேயே தீர்ந்துவிடும் சங்கதி, விண்டோஸுக்கு அதன் செய்தி வருவதே இல்லை. சில மடிக்கணினிகளில், விண்டோஸுக்கு முன்னாலேயே எழும்பும் பயோஸ் அமைப்புக்குள் போய் அதைக் கொன்ட்ரோலுடன் இடம் மாற்றலாம். டிலீட்டுக்குப் பக்கத்தில் பவர் பொத்தானை வைத்துத் தொலைத்திருக்கும் கணினி என்றால், கொன்ட்ரோல் பனலின் மின்சக்திப் பகுதியில் ‘பவர் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் செய்யாதே’ என்று சொல்லிவைக்கலாம்.

பவர்டோய்ஸ் ஓடும்வரைதான் இந்த மாற்றங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே விண்டோஸ் தொடங்கும்போதே அதுவும் தொடங்கும்படி வைத்துவிடுங்கள். அப்படி வைத்தாலும், கடவுச்சொல் கேட்கும் முதல் திரையில் அது இன்னும் எழும்பியிருக்காது. அங்கே கப்ஸ் லொக் பழைய கப்ஸ் லொக்தான். நான் பழக்கத்தில் அதைத் தட்டிவிட்டு, கடவுச்சொல் பிழை என்று மூன்று முறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

இந்தக் குறை இல்லாத வழியும் உண்டு. ஷார்ப்கீஸ் என்ற சிறிய மென்பொருள் மாற்றத்தை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலேயே எழுதிவிடும். ஒருமுறை கணினியை நிறுத்திப் போட்டால் போதும், முதல் திரையிலேயே வேலை செய்யும், பின்னணியில் எதுவும் ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்த மாற்றம் கணினியைத் தொடும் எல்லோருக்கும் பொது. என் கடையில் பின்னேரங்களில் மருமகன் வந்து அடிக்கிறான், அவனுடைய பத்து விரலும் சுகமாக மடங்குகின்றன. ஆகவே அவனுக்கு வேறு பயனர் கணக்கு, எனக்குப் பவர்டோய்ஸ். தனி ஆளாக ஒரு கணினியை வைத்திருப்பவர் என்றால் ஷார்ப்கீஸையே நான் சொல்வேன்.

ஒரே நாளில் ஐந்தாறு விசையை மாற்றாதீர்கள். முதல் வாரம் புள்ளியை மட்டும் மாற்றிவிட்டு அடித்தேன். மூன்றாம் நாள் வரை விரல் பழைய இடத்துக்கே போனது, ஐந்தாம் நாள் தயங்கியது, பிறகு கேட்காமலே இடப்பக்கம் வந்தது. கப்ஸ் லொக்கின் மேல் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தது உதவியது. கண்ணுக்கல்ல, விரல் நுனியில் அந்தத் தடிப்புத் தட்டுப்படும். எங்காவது பிழைத்து, தேவையான விசை ஒன்று கைவிட்டுப் போனால் மௌஸால் ஆளியை நிறுத்துங்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

கணினியைத் திருத்தக் கொடுக்கும்போதும் அந்த ஆளியை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். போன மாரியில் மின்விசிறி இரைகிறது என்று வவுனியாவில் ஒரு கடையில் என்னுடையதைக் கொடுத்தேன். மாலையில் தொலைபேசி வந்தது: விசிறி சரியாகிவிட்டதாம், ஆனால் கப்ஸ் லொக்கும் வலது ஓல்ட்டும் பழுதாம், பேஜ் அப் செத்தே போய்விட்டதாம், புது விசைப்பலகை போடவா என்று கேட்டார்கள்.