கொலுசுச் சத்தம் நின்றால் உடனே போங்கள்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது. அவள் தவழத் தொடங்கிய வாரமே மணி வைத்த கொலுசு வாங்கிப் போட்டேன். சத்தம் கேட்கும்வரை கவலையில்லை. நின்றால், எதையோ கையில் எடுத்துவிட்டாள். மணி கழன்று வாய்க்குள் போகலாம், அடிக்கடி விரலால் எண்ணிப் பாருங்கள்.

மருந்தில்தான் நாம் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பாராசிட்டமால் சிரப் ஒரே பெயரிலேயே 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வருகிறது. கைக்கு இரண்டு பாட்டிலும் ஒன்றுதான். கடையிலேயே படிக்கச் சொல்லி, 125க்கு ஒரு ரப்பர் பேண்டு, 250க்கு இரண்டு போட்டுவிடுவேன். ஊசியில்லாத சிரிஞ்சில் டாக்டர் சொன்ன அளவுக்கு இழுத்து, தண்டு வெளியே வரும் இடத்தில் பிளேடால் சின்னதாக ஒரு வெட்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். நகத்தில் அந்த வெட்டு தட்டியதும் நிறுத்தினால் அளவு சரி. குழந்தையின் எடை கூடினால் அளவை மறுபடி கேட்டு, புது சிரிஞ்சில் புது வெட்டு.

போன மழைக்காலத்தில் ரசக் கிண்ணத்தை இழுத்துக் கையில் கொட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா இட்லி மாவோடு ஓடி வந்தார். "மாவு வேணாங்க்கா, தண்ணிதான்" என்று குழாயடிக்குத் தூக்கிப் போனேன். முதலில் வளையலைக் கழற்றினேன்; வீங்கிவிட்டால் வராது. ஓடும் தண்ணீரில் முழுசாக 20 நிமிடம், பேசும் கடிகாரம் வைத்து. ஐஸ், பேஸ்ட், மை எதுவும் கூடாது. கொப்புளத்தைத் தடவிப் பார்க்கக் கை துடிக்கும், தொட்டால் உடையும். வீடியோ கால் போட்டுத் தங்கையைப் பார்க்கச் சொன்னேன். கொப்புளம் என்றதும் சுத்தமான ஈரத்துணியைத் தளர்வாகச் சுற்றி ஆட்டோ பிடித்தேன். அங்கே ஒரு நர்ஸ், "கண்ணு தெரியாதவங்ககிட்ட குழந்தையை யாரு விட்டது?" என்றார். இன்னும் வலிக்கிறது. காயத்தைப் பார்த்த டாக்டர், தண்ணீர் விட்டதுதான் காப்பாற்றியது என்றார்.

தொண்டையில் ஏதாவது சிக்கி இருமினால், இருமவிடுங்கள். இருமலும் அழுகையும் சத்தமில்லாமல் போனால்தான் ஆபத்து. தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. வராவிட்டால், ஒரு வயதுக்குள் என்றால் மல்லாத்தி நடு நெஞ்சில் 5 அழுத்தம். பெரிய குழந்தையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டி வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 தடவை. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

சளிக் காய்ச்சலில் தூங்கும்போது வயிற்றில் கைவைத்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 5 வயது வரை 40 தொட்டால் உடனே டாக்டரிடம் போங்கள். மூச்சுக்கு மூச்சு விலாவுக்குக் கீழே குழி விழுவது கைக்குத் தெரிந்தால் 108.

108க்குச் சொன்னதும் கதவைத் திறந்துவைத்து, மாடிப்படி விளக்கைப் போடுங்கள். நமக்குத் தேவைப்படாததால் ராத்திரியில் அது நினைவுக்கே வராது.