பூட் மெனுவில் வராத பெண்டிரைவ்

சுங்கை சிப்புட்டில் அக்கா மகனுக்குப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய டெஸ்க்டாப். விண்டோஸ் போடப் பெண்டிரைவைச் செருகினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவே வரவில்லை. "மதர்போர்டு போச்சா மாமா?" என்றான்.

யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிக் கீபோர்டை நேராகப் பின்பக்கம் செருகியதும் மெனுவைத் திறக்கும் எஃப்11 விசை வேலை செய்தது. (சில போர்டுகளில் எஃப்8, எஃப்12.) சரி, மெனு வந்தது, பெண்டிரைவ் வரவில்லை. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் பூட்டை அணைத்தும் பலனில்லை.

பெண்டிரைவ் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு வடிவில் இருந்தது. எந்த யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) போர்டும் படிக்கும் என்று நம்பக்கூடியது ஃபேட்32 வடிவம்தான். ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு அடங்காது. விண்டோஸின் பெரிய கோப்பு பெரும்பாலும் அதைத் தாண்டும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அந்தக் கோப்பைச் சுருக்கியே எழுதித் தருகிறது.

அதை வைத்து எழுதிய அப்புறம் பெண்டிரைவ் மெனுவில் இரண்டு பெயரில் வந்தது. 'யூஇஎஃப்ஐ' என்று தொடங்குவதையே தேர்ந்தெடுங்கள். மற்றது பழைய பயாஸ் முறை; அதில் போனால் ஜிபிடி (புதிய பிரிவு அமைப்பு) டிஸ்க்கில் விண்டோஸ் ஏற மறுக்கும்.